மாயாஜால காமிக்ஸ் படத்துக்குக் குடும்பத்தோடு போவது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

சூப்பர்ஹீரோ படம்தானே என்று நம்பி ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போய், இடைவேளைக்கு முன்னாலேயே தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நிற்கும் அப்பாக்கள் உண்டு. படத்தின் மேல் தப்பில்லை, பிள்ளையின் மேலும் தப்பில்லை. காமிக்ஸ் படங்களில் இரண்டு ஜாதி இருப்பதுதான் பிரச்சினை. ஒன்று சிலந்தி கடித்து சக்தி வந்தவன், இரும்புக் கவசம் மாட்டியவன் வகை. இன்னொன்று ஆவி, பிசாசு, சாபம், நரகம், மந்திரப் புத்தகம் என்று போகும் வகை. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், கோஸ்ட் ரைடர், பிளேட், ஹெல்பாய், கான்ஸ்டன்டைன் எல்லாம் இரண்டாவது ஜாதி. போஸ்டரில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உள்ளே போனால்தான் ஒன்று சண்டைப் படம், மற்றது முக்கால்வாசி பேய்ப் படம் என்று தெரியும்.

இந்த இரண்டாவது வகைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1954-ல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் கூடாது என்றது அது. 1971-ல் அதைத் தளர்த்தினார்கள். அடுத்த வருஷமே மண்டையோடு எரியும் கோஸ்ட் ரைடர் வந்தான், 1973-ல் காட்டேரி வேட்டைக்காரன் பிளேட் வந்தான். அதாவது இந்தப் பாத்திரங்கள் பிறந்ததே பயமுறுத்தத்தான். படமாக எடுக்கும்போது அந்தக் குணம் போய்விடாது. நம் ஊரில் முத்து காமிக்ஸில் மாயாவியும் மாண்ட்ரேக்கும் படித்து வளர்ந்த அப்பாக்கள் அந்த ஞாபகத்திலேயே பிள்ளைக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். மாண்ட்ரேக் கைவிரலை அசைத்து ஆளை மயக்குவார், அவ்வளவுதான். இப்போது வருகிற படத்தில் பிணம் எழுந்து நடக்கும்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் படம்

முதலில் தணிக்கைச் சான்றிதழ். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பழைய யு/ஏ ஒன்றாக இல்லை. யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயசு ஆனவர்கள் மட்டும். நடுவில் இருக்கும் மூன்றும் பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை, தடை இல்லை. யுஏ 16+ படத்துக்கு பத்து வயசுப் பையனை நீங்கள் கூட்டிப் போனால் வாசலில் தடுக்கமாட்டார்கள். தடுக்கவில்லை என்பதற்காகச் சரி என்று அர்த்தமில்லை. ஏ படத்துக்கு மட்டும் கதை வேறு: அப்பா அம்மா கூட இருந்தாலும் பள்ளிப் பிள்ளைகளை விடமாட்டார்கள், டிக்கெட் பணமும் திரும்பி வராது. டிக்கெட் எடுக்கும் ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழேயே சான்றிதழ் வகை போட்டிருக்கும். திரையில் சான்றிதழ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அப்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பீர்கள், பாப்கார்னும் வாங்கியாகியிருக்கும்.

பாத்திரத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது. ஹெல்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் வந்த படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 கொடுத்தார்கள், அதாவது 13 வயசுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் பெற்றோர் யோசித்துக் கூட்டிப் போகச் சொல்லும் வகை. 2019-ல் அதே பாத்திரத்தை வைத்து வந்த படத்துக்கு ஆர் கொடுத்தார்கள், அதாவது 17 வயசுக்குக் கீழ் தனியாகப் போகமுடியாது. அதே சிவப்பு ஆள், அதே கொம்பு, ஆனால் முன்னதை வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கலாம், பின்னதைப் பார்க்க முடியாது.

இயக்குநர் யார் என்று பாருங்கள். இது பலரும் செய்யாத வேலை, ஆனால் சான்றிதழை விட நம்பகமானது. ஸ்பைடர்மேனை 2002-ல் எடுத்த சாம் ரெய்மிதான், 1981-ல் ஈவில் டெட் என்ற பேய்ப் படத்தையும் எடுத்தவர். 2022-ல் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாவது படம் அவர் கைக்குப் போனது. முதல் படத்தை வீட்டில் ஆனந்தமாகப் பார்த்த குழந்தைகள், இரண்டாவதில் பிணத்துக்குள் ஆள் புகுந்து நடக்கும் காட்சியைப் பார்த்து அரண்டது அதனால்தான். இயக்குநரின் முந்தைய படங்களில் பேய்ப் படம் இருந்தால், சான்றிதழில் போட்டிருக்கும் வயசோடு இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, சினிமா விவரங்களைத் தொகுக்கும் ஐஎம்டிபி இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பயமுறுத்தும் காட்சிகளைத் தனியாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். படம் வந்து இரண்டு நாள் ஆன பிறகுதான் அது நிரம்பும். முதல் நாளே போயாக வேண்டும் என்ற அவசரம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துப் படித்துவிட்டுப் போங்கள். பொதுவாகப் பேய் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சில பிள்ளைகள் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் அம்மா பாத்திரம் கெட்டவளாக மாறினால் தாங்காது. சிலதுக்குக் கண் மட்டும்தான் பிரச்சினை: கண் கருப்பாக மாறுவது, நெற்றியில் கண் திறப்பது. சாமியாடி வேஷத்தையும் மயானக் கொள்ளையையும் கண்கொட்டாமல் பார்க்கும் பிள்ளை தியேட்டரில் அலறுவது இதனால்தான். அங்கே வெளிச்சம் உண்டு, கூட்டம் உண்டு, தூரத்தில் நிற்கலாம். தியேட்டர் இருட்டில் அந்த மூன்றும் கிடையாது.

டிக்கெட்: மொழி, கண்ணாடி, நேரம்

ஒரே படம் ஆப்பில் நான்கு வரியாக வரும்: தமிழ் 2டி, தமிழ் 3டி, இங்கிலீஷ் 2டி, இங்கிலீஷ் 3டி. அவசரத்தில் முதல் வரியைத் தட்டிவிட்டு, உள்ளே போன பிறகு பாட்டிக்கு ஒன்றும் புரியாமல் தூங்குவது நடக்கும். கடலூரில் கிருஷ்ணாலயா, நியூசினிமா போன்ற தியேட்டர்களுக்கு ஹாலிவுட் படம் வந்தால் பெரும்பாலும் தமிழ் டப்பிங்தான் வரும். இங்கிலீஷில்தான் பார்ப்பேன் என்று காலேஜ் பிள்ளை அடம்பிடித்தால் புதுச்சேரியில் ப்ராவிடன்ஸ் மாலில் உள்ள பிவிஆர் பக்கம் தேட வேண்டும். ஆப்பில் கடலூரும் புதுச்சேரியும் தனித்தனி ஊர்ப் பட்டியல். ஒன்றில் இல்லை என்றால் படமே வரவில்லை என்று முடிவு கட்டாமல் மற்றதையும் பாருங்கள்.

குடும்பத்தில் பத்து வயசுக்குக் கீழே ஒருவரும் அறுபதுக்கு மேலே ஒருவரும் இருந்தால் தமிழ் டப்பிங்தான் சரி. மந்திரப் படங்களில் விதிமுறை அதிகம். இந்தப் புத்தகத்தைத் திறந்தால் இது நடக்கும், இந்தக் கல்லைத் தொட்டால் அது நடக்கும் என்று வசனத்திலேயே கதை ஓடும். இங்கிலீஷில் போட்டால், கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை படத்தைப் பார்க்காது. படத்தைப் பார்க்கும் பிள்ளைக்குக் கதை புரியாது. கதை புரியாவிட்டால் பயம் இரட்டிப்பாகும், ஏனென்றால் யார் நல்லவன், யார் ஜெயிப்பான் என்பதே தெரியாமல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

3டி வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி இருட்டிலும் பாதாளத்திலும் நடக்கும். 2டி படத்துக்குத் திரையில் விழ வேண்டிய வெளிச்சத்தின் தரம் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி-யில் கண்ணாடி போட்ட பிறகு கண்ணுக்கு வருவது சாதாரணமாக 3.5 முதல் 4.5 வரைதான். அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் காட்சி கரியாகிவிடும். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் ஆழமே தெரியாது, மங்கலான படத்துக்குக் கூடுதல் காசு கொடுத்ததுதான் மிச்சம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடி மூக்கில் நிற்காது. பத்து நிமிஷத்தில் கழற்றிவிடும், கழற்றினால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும், தலைவலிக்கும்.

3டி தவிர வேறு காட்சி இல்லை என்றால், கண்ணாடிக் கடையில் விற்கும் மூக்குக்கண்ணாடிக் கயிறு ஒன்று வாங்கி 3டி கண்ணாடியின் இரண்டு காதிலும் மாட்டி, பின்தலையில் இறுக்கிவிடுங்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமல் அதன் மேலேயே போட வேண்டும். கொடுக்கும் கண்ணாடியை வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைரேகை இருந்தால் பருத்தித் துணியால் துடையுங்கள், புடவைத் தலைப்பில் ஜரிகை இருந்தால் கீறிவிடும். சட்டம் விரிந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், படம் தொடங்கின பிறகு மாற்றித் தர ஆள் இருக்காது.

காட்சி நேரத்துக்கு மதியக் காட்சியை விட நல்லது கிடையாது. இரண்டரை மணிக்குப் போனால் ஐந்தரைக்குள் வெளியே வந்துவிடலாம். பகல் வெளிச்சம் இருக்கும், பிள்ளை தூங்கப் போகும்வரை நாலு மணி நேரம் கையில் இருக்கும். அந்த நாலு மணி நேரத்தில் பயத்தில் பாதி பேசியே போய்விடும். செகண்ட் ஷோ முடிந்து பன்னிரண்டரைக்கு இருட்டில் வண்டியில் வந்து, நேராகப் படுக்கையில் போட்டால் கண்ணை மூடினதும் படம் மறுபடி ஓடும். முதல் வெள்ளிக்கிழமையும் வேண்டாம். ரசிகர்கள் விசில் அடித்துக் கத்துவது பெரியவர்களுக்குக் கொண்டாட்டம், குழந்தைக்கு அது இன்னொரு சத்தம்.

ஆப்பில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாக வசதிக் கட்டணமும் அதன் மேல் வரியும் ஏறும். ஐந்து பேர் என்றால் ஐந்து மடங்கு. கூட்டம் இல்லாத இரண்டாவது வாரம் என்றால் கவுன்ட்டரிலேயே எடுத்து அந்தக் காசில் ஒரு தேங்காய் பன் வாங்கலாம். மல்டிபிளெக்ஸில் மூன்று வயசுக்கு மேலே டிக்கெட் கேட்பது வழக்கம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு எடுபடாது.

சீட் போடும் கணக்கு

திரையிலிருந்து பார்த்தால் அரங்கத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் உள்ள வரிசைகள்தான் படத்துக்கும் சத்தத்துக்கும் சரியான இடம். பயப்படும் பிள்ளை இருந்தால் அதையும் தாண்டி, கடைசி இரண்டு வரிசை. நெஞ்சில் தம்மென்று அடிக்கும் சத்தத்தைக் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் கீழே இருக்கும். முன்னால் போகப் போக அந்த அடி கூடும். பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கருக்கு நேர் கீழேயும் உட்காராதீர்கள். காதுக்குள் யாரோ கிசுகிசுப்பது போல ஆவிக்குரல் வருவது அதிலிருந்துதான்.

உட்காரும் வரிசையை வாசலிலேயே பேசி வையுங்கள், இருட்டில் இடம் மாறினால் பின்னால் இருப்பவர் திட்டுவார். வழியோர சீட்டில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் தயாராக இருக்கும் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் பயப்படும் பிள்ளை. அடுத்து இன்னொரு பெரியவர். அதற்கு அப்புறம் பயப்படாத பெரிய பிள்ளைகள். அண்ணனையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள், பெரியவன் காதில் வந்து ஊளையிடுவான். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிக்குத் தனிக் கணக்கு. உள்ளே நுழையும் கதவு எந்த வரிசை மட்டத்தில் திறக்கிறது என்று கவுன்ட்டரில் கேளுங்கள். சில அரங்கத்தில் கீழே திறக்கும், சிலதில் நடுவில் திறக்கும். படி ஏறாமல் உட்காரக்கூடிய வரிசையில் அவர்களுக்கு வழியோர சீட் போட்டுவிட்டால், இடைவேளைக்கு முன்னால் எழுந்துபோக வேண்டியிருந்தாலும் தடுமாறமாட்டார்கள்.

கதையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

பெரியவர்களுக்குத்தான் கதையை உடைத்தால் கோபம் வரும். ஏழு வயசுப் பிள்ளைக்குக் கதை தெரிந்திருப்பது பாதுகாப்பு. யார் நல்லவர், யார் கெட்டவர், கடைசியில் யார் ஜெயிப்பார் என்ற மூன்றையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். டிரெய்லரைப் பகலில், போனில், சத்தத்தைக் குறைத்து ஒரு தடவை காட்டுங்கள். பேய் வரும் இடத்தில் நிறுத்தி, இந்த முகம் ரப்பரால் செய்தது, இந்தப் பொகை கம்ப்யூட்டரில் வரைந்தது என்று காட்டுங்கள். படப்பிடிப்பில் நடிகருக்கு முகமூடி ஒட்டும் வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கும். டிரெய்லரையே பார்க்க மறுத்தால் பேச்சே வேண்டாம், அந்தப் பிள்ளையைப் பாட்டியோடு வெள்ளிக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் போங்கள். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனால் தைரியம் வராது. அடுத்த இரண்டு வருஷத்துக்குத் தியேட்டரே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

பாட்டிக்குச் சொல்ல வேண்டியது வேறு மாதிரி. பல உலகங்கள், கனவு வழியாக இன்னொரு உடம்புக்குள் போவது என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தால் அலுத்துக்கொள்வார். கூடு விட்டுக் கூடு பாய்கிறான் என்று சொல்லுங்கள், விக்கிரமாதித்தன் கதை கேட்டவருக்கு ஒரு நொடியில் விளங்கும். அமாவாசை அன்றைக்குப் பேய்ப் படம் வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் மறுநாள் டிக்கெட் எடுங்கள். அமாவாசைக் கூட்டம் கோயிலுக்குப் போய்விட்டதால் அன்று தியேட்டர் காலியாக இருக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

கடலூரிலிருந்து போகிறவர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் தூரத்தை நம்பிக் கிளம்பக்கூடாது. முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை வண்டி சும்மா போகும். தவளக்குப்பத்தில் தொடங்கி அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை வரை ஊர்ந்துதான் போகணும். சனி, ஞாயிறில் நோணாங்குப்பம் படகுக் குழாமுக்கு வரும் சுற்றுலா வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். காட்சிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் கடலூரை விட்டுவிடுங்கள். மால் கடலூர் சாலையிலேயே இருப்பதால் பஸ்ஸில் போகிறவர்கள் புதுச்சேரி பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். கண்டக்டரிடம் மால் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் வழியில் இறக்கிவிடுவார். காரில் போனால் மாலில் வண்டி நிறுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது சகஜம். மது பாட்டில் தேடுகிறார்கள், பாப்கார்ன் வாளியைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள்.

பையில் என்ன, வயிற்றில் என்ன

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் குடிநீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் அளவோடு கொண்டுவரலாம். எனவே பால் புட்டியையும் செரலாக் டப்பாவையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னால், மறுத்துப் பேசலாம். முறுக்கு டப்பாவுக்கு அந்த வாதம் செல்லாது.

வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. தயிர் சாதம் போல லேசான சாப்பாடு, காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால். வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்ட பிள்ளைக்கு, திரையில் உலகம் சுழன்று தலைகீழாகும் காட்சிகளில் குமட்டும். பாப்கார்னை இடைவேளைக்கு வாங்குங்கள். முன்னாலேயே கொடுத்தால் உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் குடிக்க வைக்கும், முக்கியமான காட்சியில் கழிப்பறைக்குக் கூப்பிடும்.

பையில் நான்கு சாமான் போதும். ஆளுக்கு ஒரு மெல்லிய துண்டு அல்லது ஸ்வெட்டர், வெளியே உப்புக்காற்றுப் புழுக்கத்தில் வியர்த்த உடம்போடு ஏசிக்குள் உட்கார்ந்தால் அரை மணியில் நடுங்கும். கண்ணாடி துடைக்கப் பருத்தித் துணி. கவரோ பாலிதீன் பையோ ஒன்று, வாந்திக்கு. ஐந்து வயசுக்குக் கீழே இருந்தால் காதை மூடும் இயர்மஃப், தலைக்கு மேல் வளைந்து போகிற வகை. அதன் பெட்டியில் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று எழுதியிருக்கும், 20-க்கு மேல் இருந்தால் சரி. சின்னப் பிள்ளைக்குக் காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் வேண்டாம், பிடுங்கி வாயில் போடும். பஞ்சு வைப்பது வெறும் மனத் திருப்திக்குத்தான்.

உள்ளே: காதுதான் வாசல்

படத்துக்கு முன்னாலேயே இரண்டு இடி உண்டு. ஒன்று, வரப்போகும் பேய்ப் படத்தின் டிரெய்லர். பேய் வகைப் படத்துக்கு முன்னால் அதே வகை டிரெய்லரைத்தான் போடுவார்கள், அது படத்தை விடப் பயமாகவும் இருக்கும். இரண்டு, புகையிலை எச்சரிக்கை. தொண்டையில் ஓட்டையோடு, வாய் புண்ணோடு ஆட்களைக் காட்டும் அந்தக் காட்சி படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் பெரும்பாலும் வரும். பல பிள்ளைகள் பிசாசைப் பார்த்து அழுவதில்லை, இதைப் பார்த்துத்தான் அழுகின்றன. இந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி ஏதாவது பேச்சுக் கொடுங்கள். அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இனி படம். பிள்ளை பயந்தால் கண்ணை மூடச் சொல்வோம். அது உதவாது. இந்தப் படங்களில் திடுக்கிட வைப்பது சத்தம்தான், உருவம் அதற்கு அப்புறம்தான். கண்ணை மூடினால் சத்தம் நின்றுவிடாது, கற்பனை வேறு சேர்ந்துகொள்ளும். காதைப் பொத்தச் சொல்லுங்கள், கண் திறந்தே இருக்கட்டும். சத்தமில்லாமல் பார்த்தால் பிசாசு ஒரு பொம்மை மாதிரி இருக்கும், சிரிப்புக்கூட வரும்.

எப்போது பொத்த வேண்டும் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, எல்லா இயக்குநரும் ஒரே வித்தைதான் செய்கிறார்கள். பின்னணி இசை மெல்ல அடங்கும். பேச்சு நிற்கும். பாத்திரம் தனியாக ஒரு கதவையோ கண்ணாடியையோ தண்ணீரையோ பார்த்து நிற்கும். காமிரா முகத்துக்குப் பக்கத்தில் வந்து, முகத்தை ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரத்தைக் காலியாக விடும். அந்தக் காலி இடத்தில்தான் ஏதோ வரப்போகிறது. பல சமயம் முதலில் ஒரு பொய் அதிர்ச்சி வரும்: புறா பறக்கும், நண்பன் தோளைத் தொடுவான். அப்பாடா என்று மூச்சு விட்ட இரண்டு மூன்று விநாடியில் நிஜமானது வரும். இதைப் பிள்ளைக்கு முன்னாலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து, பாட்டு நின்றதா, காதைப் பொத்து என்று பழக்கிவிட்டால், பிறகு அதுவே உங்களுக்குச் சைகை காட்டும். எட்டு ஒன்பது வயசில் அவர்கள் பெரியவர்களை விடச் சரியாகக் கணிப்பார்கள்.

மந்திரச் சண்டையில் விளக்கு பளிச் பளிச் என்று மாறி மாறி அடிக்கும் காட்சிகள் இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், போகும்முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்கள், அப்படிப்பட்ட காட்சி வந்தால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, முகத்தைத் திரையிலிருந்து திருப்ப வேண்டும். இரண்டு இமையையும் மூடினால் போதாது, பளிச்சிடும் வெளிச்சம் இமை வழியாகவும் போகும்.

பிள்ளை அழுதால் இரண்டு நிமிஷம் மடியில் வைத்துப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் வழியோரத்தில் இருப்பவர் தூக்கிக்கொண்டு வெளியே போய், வராந்தா வெளிச்சத்தில் தண்ணீர் கொடுத்து நிறுத்தட்டும். மறுபடி உள்ளே வரலாமா என்று பிள்ளையைக் கேளுங்கள். கதவருகில் நின்று பார்க்கிறேன் என்று சொன்னால் நிற்க விடுங்கள், பாதிப் பிள்ளைகள் அப்படியே சீட்டுக்கு வந்துவிடும். காசு கொடுத்து வந்திருக்கிறோம், உட்கார் என்று அதட்டுகிறவர்கள்தான் பின் வரிசைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஹாலிவுட் படத்தில் இடைவேளை எழுதப்பட்டிருக்காது. ஓட்டுகிறவர் பாதியில் வெட்டிப் போடுவார், பிசாசு கதவைத் தட்டும் இடத்தில்கூட விளக்கு எரியும். கழிப்பறை வரிசை நீளம். விளக்கு எரிந்ததும் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு கழிப்பறைக்கு, இன்னொருவர் கேன்டீனுக்கு என்று பிரிந்துகொள்ளுங்கள். சேர்ந்தே போனால் இரண்டும் முடிவதற்குள் படம் தொடங்கிவிடும்.

பெயர்கள் ஓடும்போது

மார்வெல் படமென்றால் பெயர்கள் ஓடும்போது நடுவில் ஒரு சின்னக் காட்சி, எல்லாம் முடிந்த பிறகு இன்னொன்று என்று வைப்பது அவர்கள் வழக்கம். எத்தனை உண்டு என்று போகும்முன்னே தேடிப் பார்த்துவிட்டால் சும்மா உட்கார வேண்டாம். நடுவில் வருவது சில நிமிஷத்தில் வந்துவிடும், கடைசியில் வருவதற்குப் பத்து நிமிஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். சில இடத்தில் விளக்கைப் போட்டு, கூட்டம் எழுந்தவுடன் படத்தை நிறுத்திவிடுவார்கள். கடைசிக் காட்சி இருக்கிறது, ஓட விடுங்கள் என்று வாசலில் நிற்பவரிடம் இடைவேளையிலேயே சொல்லி வையுங்கள். இந்த வகைப் படங்களில் கடைசிக் காட்சி பெரும்பாலும் அடுத்த பிசாசைக் காட்டி முடியும். பிள்ளை ஒருவழியாகச் சமாதானமாகி இருந்தால், அதை வெளியே கூட்டிப் போய்விடுங்கள். ரசிகர்கள் உட்காரட்டும்.

அன்று ராத்திரி

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பற்றிப் பிள்ளை பேசினால் பேச விடுங்கள், ஒன்றுமில்லை என்று வாயை அடைக்காதீர்கள். பிடித்த காட்சியை வரையச் சொல்லலாம். பேயை வரைந்து அதற்கு மீசை வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்குச் சாப்பிட வைக்க, தூங்க வைக்க அந்தப் பிசாசின் பெயரைச் சொல்லி மிரட்டும் சித்தப்பாக்களை அடக்கி வையுங்கள். விளக்கைச் சின்னதாக எரிய விட்டு, பாட்டியின் பக்கத்தில் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று நாள் நடுராத்திரியில் எழுந்தால் கவலை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் கெட்டால், பகலிலும் தனியாகக் கழிப்பறைக்குப் போகப் பயந்தால், குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

சில பிள்ளைகள் மறுநாளே மறுபடி பார்க்கணும் என்று கேட்கும். படம் ஓடிடி-க்கு வரும்வரை பொறுக்கச் சொல்லி, வந்த பிறகு பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, டிவி சத்தத்தைப் பாதியாக வைத்துப் போடுங்கள். பயந்த இடத்தில் ரிமோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.